நீல வெள்ளைத் தடம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் நடைவழியில் அதே மூத்திர வாடை. பினாயில் ஊற்றிக் கழுவியும் போகவில்லை. அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் "பூனைதான்" என்றார். இன்று முழுக்க என் வீட்டுக்காரர் என்னோடு பேசியது அவ்வளவுதான். மகள் போனில், "பேசாம பூனையை யாருக்காவது குடுத்துடும்மா" என்கிறாள்.

கொடுத்துவிட்டால் நான் யாரோடு பேசுவது?

மார்ச் 7, வெள்ளி

புற ஊதா டார்ச் என்று ஒன்று இருக்கிறதாம். அடித்தால் மூத்திரக் கறை மின்னுமாம். இருப்பதிலேயே மலிவானதை வாங்கி வந்து, ஜன்னல்களை மூடிவிட்டு அடித்தேன். வீடு முழுக்கக் கத்தரிப்பூ நிறம். கறையும் தெரியவில்லை, ஒரு மண்ணும் தெரியவில்லை.

மார்ச் 8, சனி

டார்ச்சைத் திருப்பிக் கொண்டுபோனேன். கடைக்காரர் பெட்டியில் இருந்த அலைநீள எண்ணைக் காட்டினார்.

"இது முந்நூத்தித் தொண்ணூத்தஞ்சு. இதோட ஊதா வெளிச்சமே கறையை மறைச்சிடும். முந்நூத்தி அறுபத்தஞ்சு எடுங்க, முன்னால கறுப்புக் கண்ணாடி வச்சது. வெளிச்சம் கம்மியா இருக்கேன்னு நினைக்காதீங்க, கறை நல்லாத் தெரியும். எத்தனை பல்புன்னு எண்ணி ஏமாறாதீங்க. கண்ணுல மட்டும் அடிச்சிடாதீங்க."

மாற்றிக்கொண்ட பிறகும் ஏதேதோ கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு மனுஷர் முகம் பார்த்துப் பேசுகிறாரே.

மார்ச் 9, ஞாயிறு

அவர் வெளியே போன நேரம் பார்த்து அடித்தேன். கழிவறைக் கதவுக்குக் கொஞ்சம் முன்னால், நடைவழி விரிப்பில் மஞ்சளாய்த் திட்டுகள். ஒவ்வொன்றையும் சுற்றி நீல வெள்ளையாய், துணியால் தேய்த்த தடம்.

நான் ஊற்றும் பினாயில் மேல் அடித்தேன், மின்னவில்லை. சலவைத்தூள் மேல் அடித்தேன் — அதே நீல வெள்ளை.

பூனை சோப்புப் போட்டுத் துடைக்குமா?

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் முட்டிவலிக்காரர். நான் எழுவதற்கு முன்னால் மண்டியிட்டுத் துடைத்திருக்கிறார்.

மார்ச் 10, திங்கள்

கேட்கவில்லை. எப்படிக் கேட்பது?

மார்ச் 12, புதன்

கேட்டுவிட்டேன். "அடக்க முடியலையா?" என்றுதான் கேட்டேன். "பூனைதான்னு சொன்னா என்னைக் குத்தம் சொல்றியா" என்று முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எங்கிட்ட எதுக்கு வெட்கம்? ரெண்டு பிரசவத்துக்கும் கூடவே நின்ன மனுஷன்தானே? இப்ப நான் மட்டும் மூணாம் மனுஷி ஆயிட்டேனா?

மார்ச் 13, வியாழன்

சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. தட்டைக் கதவுக்கு வெளியே வைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

காலையில் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "டாக்டர்கிட்ட போகணும்."

எப்போதும் டாக்டர் அறைக்குள் அவர் மட்டும் போவார், நான் வெளியே நாற்காலியில் இருப்பேன். இன்று கதவைத் திறந்தவர் திரும்பி, "நீயும் உள்ள வா" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னார். கதவு வரைக்கும் தாங்காமல் போவது, துடைப்பது, புற்றுநோயோ என்ற பயம். "வயசானா ஆம்பளைங்களுக்கு இந்தப் புராஸ்டேட் சுரப்பி வீங்குறது சகஜம்தான். டெஸ்ட் எடுத்துடலாம், அதுவரைக்கும் மாத்திரை தரேன்" என்றார் டாக்டர்.

அவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசிக் கேட்டு வருஷங்கள் ஆயிற்று. டாக்டரைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் நடுநடுவே, "அப்படித்தானே?" என்று என் பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தார்.

எனக்குத் தெரியாததற்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.