காகம் – 1, தேடப்படுகிறது

இன்று காலை ஷெட்டுக்குள் நுழைந்ததும் மஞ்சள் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியது. நடைபாதைக் கோடுகளைப் புதுப்பிக்கிறார்கள். உன் வேலையை இப்போது வேறொருவர் பார்க்கிறார். நன்றாகத்தான் கோடு போடுகிறார், ஆனால் ஆள் சிரித்து நான் பார்த்ததில்லை. பெயிண்ட் அடித்தால் ஆடிட் வருகிறது என்று அர்த்தம். ஆடிட் என்றால் நான் என்ன ஆவேன் என்று உனக்குத் தெரியும்.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆரணியில் நான் கம்பெனி பஸ் ஏறும்போது ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாய். உட்கார்ந்ததும் ஏதாவது ஒரு வீடியோவோடு போனை நீட்டுவாய். எங்கோ ஒரு ஊரில் ஒருவன் விரிசல் விட்ட சுவருக்குச் சட்டைப் பித்தான்கள் தைத்திருப்பான். இன்னொரு ஊரில் நாலு பேர் உடைந்த குடைக்கு மாலை போட்டு ஊர்வலம் போவார்கள். எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் குட்டி நாற்காலிகள் போட்ட அம்மாள் ஒருத்தியைக் காட்டிவிட்டு, கும்மிடிப்பூண்டி வரும்வரை நீ சிரித்தாய்.

"வேலையத்ததுங்க. இதுக்குப் பேரு கலையா?" என்றேன்.

"இதுங்களப் பாத்தா எனுக்கும் கை துறுதுறுங்குதுடி" என்றாய். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கருவிகளை மாட்டும் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் அதனதன் உருவத்தைக் கறுப்பில் தீட்டிவைப்பது நம் கம்பெனி வழக்கம். ஷிஃப்ட் முடிவில் எந்த உருவம் வெறுமையாகத் தெரிகிறதோ அந்தக் கருவி காணவில்லை என்று பொருள். தீட்டுவது நீ, காணாததை நோட்டில் எழுதுவது நான். ஆடிட் நடந்த வாரம் குழாய் ரென்ச்சுக்கும் சுத்தியலுக்கும் நடுவில் நீ தீட்டிய ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. தலையை லேசாகச் சாய்த்து, எதையோ யோசிப்பதுபோல.

நான் அதைப் பார்த்த நேரம் ஆடிட்டர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். "இது காலியா இருக்கே, என்ன ஐட்டம்?" என்று கேட்டார். அவர் விளையாடவில்லை. பேனா தானாக ஓடியது: காகம் – 1, காணவில்லை, தேடப்படுகிறது. அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தார்.

அதன்பின் அதை அழிக்கவும் வழியில்லை. நோட்டில் ஏறிய கருவி கிடைக்கும்வரை பலகையில் அதன் உருவத்தை மறைக்கக் கூடாது, ஒவ்வொரு ஷிஃப்டும் அதை எடுத்து எழுதவேண்டும். எல்லோரும் எழுதினார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் பயத்தில் செத்துக்கொண்டிருந்தேன், உனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

"போன்ல வர்றவங்க ஒத்தை ஆளா கூத்து பண்றாங்க. இங்க மூணு ஷிஃப்டும் சேந்து ஒரு காக்காவ தேடிக்கினு கீது பாரு" என்றாய். "இது உன் கைவேலைடி. நான் சும்மா வரைஞ்சேன்."

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று லீவு போட்டாய். நாலு நாளில் உயிர் போய்விட்டது. உன் காரியம் முடிந்து நான் திரும்பி வந்து வேலையில் உட்கார்ந்த அன்றும் அந்த வரியை எழுதினேன். எழுதும்போது அழுதுவிட்டேன், கண்ணில் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

இப்போது பஸ்ஸில் அந்த மாதிரி வீடியோக்களை நானே தேடிப் பார்க்கிறேன். நேற்று ஒருத்தி தெருவிளக்குக் கம்பங்களுக்குக் காலுறை மாட்டியிருந்தாள். பழக்க தோஷத்தில் போனைப் பக்கத்து சீட்டுக்கு நீட்டினேன். அங்கே உட்கார்ந்திருந்த பெண் என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

இன்று வம்பு வந்துவிட்டது. நோட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். புதிதாக வந்த ஆபீசர் வரி வரியாகப் படிக்கிறவர். மதியம் சூப்பர்வைசர் ஓடிவந்தார். "இன்னாமா இது காகம்? மொத எழுத்து உன்னுதாமே? பர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேரு கீற நேரத்துல இது தேவையா? அந்த பெயிண்ட் அடிச்ச பொண்ணு வெளையாட்டா எழுதிட்டுப் போயிட்ச்சுன்னு சொல்லிடு. அத யாரு போய்க் கேக்கப்போறாங்க?"

சொல்லிவிடலாம் என்றுதான் ஆபீசர் அறைக்குப் படியேறினேன். மறைக்காமல் சொல்கிறேன், ஏறும்வரை அதுதான் என் மனசில் இருந்தது. ஏழு வருஷமாக ஒப்பந்தக்கூலி, வீட்டில் கல்லூரிக்குப் போகும் மகள். நீ கோபித்துக்கொள்ளமாட்டாய் என்றும் தெரியும். அதுதான் சொல்லவிடவில்லை.

"வரைஞ்சவங்க இப்ப இல்ல சார். எழுதினது நான்" என்றேன். அவர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் காகம் இருந்தது. சிரித்தாரா, பல்லைக் கடித்தாரா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

"சரி, இதை முடிக்கணும். கிடைச்சதுன்னு போடணும், இல்லேன்னா இனி கிடைக்காதுன்னு போடணும். எதைப் போட?"

அவர் விரல் கம்ப்யூட்டர் பொத்தான்மேல் காத்திருந்தது. பர்மனென்ட் ஆர்டர் வருமா வராதா, எனக்குத் தெரியாது. ஆனால் இனி கிடைக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தேடிக்கினு இருக்கோம் சார்" என்றேன்.