மூடி உங்களிடம், பேனா என்னிடம்

அன்புள்ள மாமா,

எட்டு மாதமாகத் தள்ளிப்போட்ட கடிதம் இது. உங்கள் கறுப்புப் பேனாவாலேயே எழுதுகிறேன். இரண்டு வரிக்கொரு தடவை நிப்பு காய்ந்துபோகிறது, ஈரத்துணியில் ஒற்ற வேண்டியிருக்கிறது. எங்கள் ஆபீஸில் எல்லோரும் ரீஃபில் பேனாவுக்கு மாறிவிட்டார்கள். நான்தான் மூடியில்லாத பேனாவுக்கு ஊழியம் செய்து அலுத்துப்போயிருக்கிறேன்.

போன வாரம் சேலத்திலிருந்து, பழைய பேனா சேர்க்கிறவர் ஒருவர் பாப்பாரப்பட்டிக்கு வந்திருந்தார். அக்கா என்னைப் பென்னாகரத்திலிருந்து வரவழைத்து, உங்கள் பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டச் சொன்னாள். பழசிலிருந்து புதுசு வரை நீங்கள் அடுக்கிய வரிசையிலேயே காட்டினேன். முதலில் மையில் தொட்டெழுதும் கட்டைப் பேனா. அப்புறம் ஓர் இடம் காலி. அதற்கடுத்து, உள்ளே ரப்பர் பையும் பக்கத்தில் நெம்புகோலும் உள்ள பேனா. பிறகு, பின்பக்கம் திருகினால் மை உறிஞ்சுவது. கடைசியாக, நிப்பு முக்காடு போட்ட புது மாடல்.

இரண்டாவது இடத்தில், கெட்டி ரப்பரான எபோனைட்டில் செய்த, மை ஊற்றும் பேனா அல்லவா இருக்கவேண்டும் என்று அவர் கேட்டார். விவரம் தெரிந்த மனுஷர். அக்கா முந்திக்கொண்டாள்.

“அது அவருகூடவே போயிருச்சுங்க. சட்டைப் பையில இருந்தபடியே பொட்டிய மூடிட்டோம்.”

நான் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பேனாவை எத்தனை தடவை கேட்டிருப்பேன்? பையில்லை, நெம்புகோலில்லை, உடம்பு முழுக்க மை, கெட்டுப்போக அதில் என்ன இருக்கிறது என்பீர்கள். மருந்துச் சொட்டுக்குழாயால் அதற்கு மை ஊற்றிய கம்பவுண்டர் நீங்கள். வெயில் பட்டால் கறுப்பு வெளுத்துப் பச்சையோடும் என்று ஜன்னலோரம்கூட வைக்கவிடமாட்டீர்கள். என் பேனா இரண்டைத் தருகிறேன் என்றேன், மசியவில்லை. கடைசியில் ஒரே ஒரு நாளைக்கு என்று கொடுத்தீர்கள். எல்லோரும் செய்வதுபோல, பேனா திரும்பி வரட்டும் என்று மூடியை மட்டும் உங்கள் பையில் செருகிக்கொண்டீர்கள்.

மறுநாள் நெஞ்சுவலி என்று ஆள் வந்தது. பஸ் பிடித்து நான் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. டியூட்டிக்குக் கிளம்பிய அதே வெள்ளைச் சட்டையோடு பெட்டியில் கிடந்தீர்கள். பையில் கிளிப் தெரிந்தது. பேனா அவரோடு போகட்டும் என்று அக்கா யாரையும் தொடவிடவில்லை. அது வெறும் மூடி என்று எனக்கு மட்டும் தெரியும். பேனா என் கைக்குட்டைக்குள் இருந்தது.

பெட்டி மூடும்வரை பக்கத்திலேயே நின்றேன். ஏன் வாய் திறக்கவில்லை? துக்கம் என்று எனக்கே சொல்லிப்பார்த்தேன். ஆசைதான் மாமா.

சேலத்துக்காரர் போனதும் அக்காவிடம் சொல்லிவிட்டேன். இனியும் சுமக்க எனக்குத் தெம்பில்லை. பேனாவை மேசைமேல் வைத்தேன். அவள் திட்டுவாள் என்றிருந்தேன். முந்தானையால் நிப்பைத் துடைத்தாள், கொஞ்ச நேரம் வைத்திருந்தாள், திரும்ப என் கையிலேயே கொடுத்தாள்.

“மூடி அவருகிட்டதான இருக்குது? அப்ப இது இன்னும் இரவல்தான்டா. நீ போறப்ப கொண்டுபோய்க் குடுத்துரு.”

வேறு மூடி தேடமாட்டேன் மாமா. தினமும் கழுவி நிழலில் வைப்பேன். கடைசியில் என் சட்டைப் பையில் வைத்தனுப்பச் சொல்லி வீட்டில் சொல்லியாயிற்று. கொண்டுவந்து தருகிறேன்.

ஒரு நாளைக்கென்று வாங்கிப்போன உங்கள் மைத்துனன்,
சூசை