கீழிருந்து ஒரு வரி

8.7.1989, சனி

நாளைய பேப்பருக்கான ஞாயிறு மாணவர் பக்கம் முடிந்தது. கிள்ளான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை மார்க்கிரட் அனுப்பிய கட்டுரையும் அதில் இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினிக்குக் கட்டளை எழுதச் சொல்லித் தருகிறார், முழுக்கத் தமிழில். 'எழுது', 'கூட்டு', 'நிறுத்து' என்று அவரும் தொலைபேசி இலாகாவில் இருக்கும் கணவரும் சேர்ந்து உருவாக்கிய மொழி. சிவமலர் என்ற மாணவி பன்னிரண்டாம் வாய்ப்பாட்டுக்கு எழுதிய புரோகிராமும் வருகிறது. துணிக்கடை விளம்பரம் கடைசி நேரத்தில் பெரிதாகிவிட்டது. கீழிருந்து ஒரு வரியை எடுத்துச் சரிக்கட்டினேன்.

12.7.1989, புதன்

மார்க்கிரட் டீச்சர் போன் செய்தார். வகுப்பைத் தொடர விடலாமா என்று பார்க்க இன்று கல்வி இலாகா அதிகாரி வந்தாராம். "பேப்பர்ல வந்ததையே அடி, ஆபீசர் பாக்கட்டும்" என்று தலைமையாசிரியர் நாகையா சிவமலரிடம் சொல்லியிருக்கிறார். திரையில் 144 வந்த பிறகும் எண்கள் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தன.

"தமிழ்க் கம்ப்யூட்டருக்கு பிரேக் இல்லையா டீச்சர்?" என்றாராம் அதிகாரி. எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். கணினி அறைச் சாவியை நாகையா வாங்கிக்கொண்டார்.

"'என் தப்புதான் டீச்சர்'னு சிவமலர் அழுவுது சார். நானும் நல்லா ஏசிட்டேன்."

"அப்படியா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

13.7.1989, வியாழன்

சிவமலர் எழுதிய புரோகிராமின் கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்தேன். ஏழாவது, கடைசி வரி: 'பன்னிரண்டு முடிந்தால் நிறுத்து'. அதன் மேல் என் நீலப் பென்சில் கோடு.

செய்தியில் முக்கியமானது மேலே இருக்கும். இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டு. முப்பது வருடப் பழக்கம். ஆனால் புரோகிராம் செய்தி இல்லையே – ஒரு தடவை படித்துப் பார்த்திருந்தால்? படிக்கவே இல்லை.

15.7.1989, சனி

டீச்சருக்கு இன்றும் போன் செய்யவில்லை.

18.7.1989, செவ்வாய்

பஸ் பிடித்துக் கிள்ளான் போனேன். பள்ளிக் கேண்டீனில் டீச்சரும் சிவமலரும் இருந்தார்கள். அந்தப் பெண் நோட்டை மடியில் வைத்திருந்தாள்.

"அடிக்கும்போதே ஒரு வரி கொறையுதுன்னு தெரிஞ்சிச்சு சார். ஆனா பேப்பர்ல நீங்க பாத்து எடுத்திருப்பீங்க, அது வேணாம் போலன்னு நெனச்சேன்."

"நாந்தாம்மா வெட்டினேன். இடம் பத்தல."

"படிச்சுப் பாக்கலையா சார்?"

"இல்லம்மா."

டீச்சர், "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லா சார்" என்றார். "ஆறு நாளா இந்தப் பிள்ளை சரியா சாப்பிடல."

23.7.1989, ஞாயிறு

திருத்தம் வந்துவிட்டது. முழுப் புரோகிராமும், தவறு என்னுடையது என்று என் பெயரும். "யாருய்யா கேட்டா? மூலையில ரெண்டு வரி போட்டா போதாதா?" என்றார் பத்திரிகை ஆசிரியர் ராதாகிருஷ்ணன். போதாது என்றேன். பத்திரிகை நறுக்கை அதிகாரிக்கும் நாகையாவுக்கும் தபாலில் அனுப்பினேன்.

5.8.1989, சனி

நாகையா பேசினார். "ஆபீசர் ரிப்போர்ட் எழுதி முடிச்சிட்டாரு சார். இனிமே அதைக் கிண்ட வேணாம்."

வகுப்பு இப்போது டீச்சர் வீட்டில், கணவரின் கணினியில் நடக்கிறது. பதினான்கு பேரில் ஐந்து பேர்தான் வருகிறார்களாம். சிவமலர் வருகிறாளா என்று கேட்க வாய் வரவில்லை.

12.8.1989, சனி

கிள்ளானிலிருந்து ஓர் உறை. சிவமலரின் புதிய புரோகிராம், எட்டு வரி. கூடவே ஒரு துண்டுத்தாள்:

'சார், நிறுத்துற வரியை இந்தத் தடவை மேலேயே வெச்சிட்டேன். கீழே வெட்டினாலும் நிக்கும். டீச்சர் வீட்டுல வெட்டி வெட்டிப் பாத்தோம்.'

துணிக்கடை விளம்பரம் இந்த வாரமும் பெரிது. எட்டு வரியையும் விரல் வைத்துப் படித்தேன். பிறகு நீலப் பென்சிலை எடுத்து, அதே பக்கத்தில் வரும் என் கட்டுரையைக் கீழிருந்து வெட்டினேன்.