வேப்பிலை கட்டிய வாரம்

ஐப்பசி 5, புதன்

காலையிலிருந்து மூட்டம். நாகலூர் பஸ் தாமதம். சேலம் போய்ச் சேருவதற்குள் இடுப்பு போயிற்று.

ஆஸ்பத்திரியில் பக்கத்து நாற்காலிக்காரி குடும்பம் விசாரித்தாள். சொன்னேன். மூத்த பேரன் கார்த்தி, பேங்க் வேலை. சின்னவன் கபடியில் கப். பேத்தி பிரியா கோயமுத்தூரில் விவசாயப் படிப்பு, வகுப்பில் முதல். சொல்லி முடிப்பதற்குள் தொண்டை எரிந்தது. பரவாயில்லை.

கன்னத்துப் புற்றுக்குத் தினம் கரண்ட், அதாவது கதிர் வைப்பது. வாரம் ஒரு தடவை புது மருந்து, சொட்டுச் சொட்டாய். கட்டியைக் குறிபார்த்துப் போகுமாம். முடி கொட்டவில்லை.

ஐப்பசி 6, வியாழன்

முகம், மார்பெல்லாம் முத்து முத்தாய்ச் சீழ். மருமகள் சரசு பார்த்ததும் கும்பிட்டாள். "அத்தை, ஆத்தா வந்துட்டாளுங்க."

வாசலில் வேப்பிலை. தாளிப்பு இல்லை. அம்மை போட்டவள் படி தாண்டக் கூடாது, மருந்தும் கூடாது. கரண்டுக்குப் போகவில்லை. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

ஐப்பசி 7, வெள்ளி

இன்றும் போகவில்லை. இளநீர், கூழ். எதிர்வீட்டு ராமாயி வாசலிலிருந்தே, "ஏனுங்க பெரியம்மா, அந்த ஊசியெல்லாம் ஆத்தாளுக்குப் புடிக்கலையாட்டம் இருக்குதுங்க."

சிரித்தேன். வாய்ப்புண் வலி.

ஐப்பசி 10, திங்கள்

மழை. ஆஸ்பத்திரி நர்ஸ் போன். "ஏனுங்க, பாட்டிம்மாவக் காணோமே?" மகன் செல்வம் அம்மை என்றான். அவள், "அய்யோ, அது அம்மையில்லீங்க! அந்த மருந்துக்குப் பரு வருமுன்னு மொதல்லயே சொன்னமுங்களே. கரண்ட நடுவுல உட்டா கட்டி தலதூக்கிடுமுங்க. நாளைக்கே கூட்டியாங்க."

சொன்னது உண்மைதான். பரு என்றால் வயசுப் பிள்ளைகளுக்கு வருவது என்று நினைத்துவிட்டோம்.

சரசு அழுகிறாள். "நெசமாவே ஆத்தாளா இருந்தா என்னங்கத்தை பண்றது?"

"இருந்தா அவளும் எங்கூட பஸ் ஏறட்டும், கண்ணு."

சொல்லிவிட்டேனே தவிர, ஆத்தா கோவிப்பாளோ என்று வாசல் வேப்பிலையைப் பார்த்துக் கும்பிட்டேன். கன்னத்தில் போட்டுக்கொள்ளலாமென்றால் கன்னமும் புண்.

ஐப்பசி 11, செவ்வாய்

முக்காடு போட்டு, செல்வத்தோடு போனேன். எங்கள் சீட்டில் மூன்றாவது இடம் காலி, சேலம் வரை ஒருத்தரும் உட்காரவில்லை. கண்டக்டர் டிக்கெட்டை செல்வத்திடம் எட்டி நீட்டினார்.

டாக்டர் களிம்பு எழுதினார். விட்ட நாள் கரண்டைக் கடைசியில் சேர்த்து வைப்பார்களாம். இந்த இடைவெளியில் கட்டி வளர்ந்திருக்குமா என்று கேட்டேன். "பாக்கலாம்மா." அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

மேசையில் படுக்க வைத்து, முகத்து அச்சில் செய்த வலைமூடியை மாட்டி இறுக்கினார்கள். பருவெல்லாம் அழுந்தி உயிர் போயிற்று. அசையக் கூடாது. கண்ணை மூடிப் பிள்ளைகள் முகத்தை ஒவ்வொன்றாய் நினைத்தேன். பிரியா மட்டும் பள்ளிக்கூடத்து ரெட்டைச் சடையோடே வந்தாள். இப்போது எப்படி இருக்கிறாள், பிடிபடவில்லை.

செல்வத்திடம் சொல்ல வேண்டும். பிரியா புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் போடட்டும். போனில் வேண்டாம், கையில் வைத்துப் பார்க்கணும். இந்த வாரமே வந்துவிடணும்.