மாமாவின் அறைக்குள் ஒரு வளைவு

மார்ச் 2, ஞாயிறு
முடிவாகிவிட்டது. மாமனார் இங்கே வருகிறார். என் பொம்மை ரயில் ஓடும் அறை அவருக்கு.

இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஒரு மாதமாகியும் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாராம். இப்படியே விட்டால் படுக்கையோடு படுக்கைதான் என்று டாக்டர் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். இங்கே வந்தால் நாங்களாவது நடக்க வைப்போம்.

"ரயிலை என்ன பண்ணப் போறே?" என்றார் என் வீட்டுக்காரர். பாவம், தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

கண்ணாடிக் கடையில் பகலெல்லாம் லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து, சாயங்காலங்களில் போட்ட தண்டவாளம். மாமா வர வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. ரயிலைத் தூக்கிப் போடவும் வராது. தண்டவாளத்தையாவது சேதமில்லாமல் கழற்றி வைக்க வேண்டும்.

மார்ச் 5
கையால் பிடுங்கப் பார்த்தேன். முதல் துண்டு வில்லாக வளைந்துவிட்டது. நிஜப் பாதை மாதிரி பொடி ஜல்லி தூவி, தண்டவாளத்தோடு பசை ஊற்றி ஒட்டிய புண்ணியவதி யார்? நான்தான்!

பிறகு வெந்நீர் ஊற்றி ஊறவிட்டு, தட்டைக் கரண்டியை மெதுவாக அடியில் செலுத்தினேன். பசை பால் மாதிரி இளகியது. அடுத்த துண்டு சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாய்க் கையோடு வந்தது.

மார்ச் 8
எல்லாவற்றையும் சமையலறைத் தொட்டியில் போட்டுக் கழுவினேன். ஜல்லி குழாய்க்குள் போய் அடைத்துக்கொண்டது. பிளம்பர் வந்து குழாயைக் கழற்றிக் கவிழ்த்தார்.

"என்னக்கா, சிங்க்ல ரோடு போட்டீங்களா?"

"ரயில்பாதை" என்றேன். அதற்குப் பிறகு அவர் என் வீட்டுக்காரரிடம் மட்டும்தான் பேசினார்.

மார்ச் 9
வளைந்தவை ஒரு பெட்டி, நேரானவை ஒரு பெட்டி. ஒரு துண்டை அடுத்த துண்டோடு கோத்து மின்சாரத்தைக் கடத்தும் சின்னத் தகடுகள் கறுத்துக் கிடக்கின்றன. புதிதாக வாங்க வேண்டுமா என்ன? இடுக்கியால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். கருமி என்கிறார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மார்ச் 15
மாமா வந்துவிட்டார். படுத்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 19
"வாசல் வரைக்கும் வாங்க மாமா, நாலே அடி."

"கண்டக்டர் வேலைல காலம்பூரா நின்னுட்டேம்மா. பஸ்ஸுல அத்தனை பேருக்கும் சீட் பாத்துக் குடுத்தவன் நான், எனக்குத்தான் சீட்டே இல்ல. இப்பதான் படுக்கக் குடுத்து வச்சிருக்கு. விடு."

அவருக்காக வாங்கிய வாக்கர் மூலையில் நிற்கிறது. என் வீட்டுக்காரர் அதில் துண்டு காயப் போடுகிறார்.

நல்லாத்தான் பேசறாரு மாமா. நாளைக்குக் கால் மடங்காம போச்சுன்னா? யாருக்குமே கவலையில்லையா இந்த வீட்டில? எனக்குப் பயமா இருக்கு.

மார்ச் 23, ஞாயிறு
ஒரு நல்ல சேதி. ஹால் சுவரில் நெஞ்சு உயரத்துக்குப் பலகை அடித்து, கழற்றி வைத்த துண்டுகளைப் போட்டேன். ஓடுகிறது! ஒரு முனையில் வளைந்து திரும்ப இடம் இருக்கிறது. மறுமுனையில் மாமாவின் அறைச் சுவர். வண்டி அங்கே முட்டி நின்று, வந்த வழியே பின்பக்கமாக வருகிறது.

உள்ளேயிருந்து குரல்: "என்னம்மா இது, சத்தத்தைக் கேட்டா எப்பப் பாரு ரிவர்ஸ்லயே வருது?"

"திரும்ப இடமில்ல மாமா. உங்க ரூம் சுவர் தடுக்குது."

கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "அப்ப உள்ள வந்து திருப்பிக்க வேண்டியதுதானே? நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?"

மார்ச் 24
"அப்பனும் மருமகளும் சேர்ந்து சுவத்துல எலி வளை தோண்டச் சொல்றீங்களே" என்று புலம்பிக்கொண்டே வீட்டுக்காரர் துளை போட்டார். நான் குறித்துக் கொடுத்ததைவிடப் பெரிதாகவே போட்டார்.

மார்ச் 30, ஞாயிறு
மாமாவின் அறைக்குள்ளும் அதே உயரத்தில் பலகை அடித்தாயிற்று. வளைவுப் பெட்டி காலி. வண்டி அறைக்குள் நுழைகிறது. ஆனால் கட்டிலின் கால்மாட்டில் வளையும் இடத்தில் செத்து நின்றுவிடுகிறது. விரலால் தள்ளினால் மறுபடி ஓடுகிறது. அடுத்த சுற்றிலும் அதே இடம். ஏன்?

ஏப்ரல் 2
வண்டியை நிறுத்த மறந்து குளிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து எட்டிப் பார்த்தால் — மாமா நிற்கிறார்! ஒரு கை வாக்கரில். இன்னொரு கை விரலால் இஞ்சினைத் தள்ளிவிட்டு, "ரைட், போலாம்!"

என்னைப் பார்த்ததும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். "நடுரோட்டுல வண்டி நின்னா மனுஷன் எப்படித் தூங்கறது?"

வாக்கரில் காய்ந்த துண்டு அவர் தோளில் கிடந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு
காரணம் தெரிந்துவிட்டது. அந்த ஒரு துண்டின் இரு பக்கத் தகடுகளும் தளர்ந்திருக்கின்றன, அதனால் மின்சாரம் போகவில்லை. என் கருமித்தனம்தான். புதுத் தகடு போட்டால் சரியாகிவிடும்.

போடவில்லை. வண்டி நிற்கும்போதெல்லாம் அவர் எழுந்திருக்கிறார். பெரியவரை ஏமாற்றுகிறேனோ? ஏமாற்றினால் ஏமாற்றிவிட்டுப் போகிறேன். நடக்கிறாரே மனுஷன்!

ஏப்ரல் 9
ஓட்டினேன். நின்றது. எழுந்தார்.

ஏப்ரல் 12
மாமா கூப்பிட்டார். வாக்கரைப் பிடித்து நின்றபடி அந்தத் துண்டை விரலால் ஆட்டிக் காட்டினார்.

"லூஸா இருக்கு, பாத்தியா?"

"ஆமா மாமா."

"தெரிஞ்சுதானே விட்டு வச்சிருக்கே?"

"நீங்க எழுந்திருக்கணும்னுதான்..."

"நான் எழுந்துக்கறேன். அதுக்காக அந்த வண்டி எதுக்குத் தினம் பாதி வழியில கெடக்கணும்? அதைச் சரி பண்ணு மொதல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

ஏப்ரல் 13, ஞாயிறு
புதுத் தகடுகள் போட்டாயிற்று. இனி அது நிற்காது. மாமா இனி எழுந்திருப்பாரா?

ஏப்ரல் 19
கடையிலிருந்து வந்து கதவைத் திறந்தால் ஹாலில் மாமா. பலகையைப் பிடித்தபடி நின்று, வண்டியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலரைத் திருகிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் வாக்கரைக் காணோம். வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்து, பேசாதே என்று எனக்கு ஜாடை காட்டுகிறார்.

"வந்துட்டியா? உள்ள போய் உட்காரு. வளைவுல ஒழுங்கா போகுதான்னு பாத்துச் சொல்லு."

அவர் கட்டிலில்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வண்டி வந்தது, வளைந்தது, போய்விட்டது.

"போச்சா?" என்று ஹாலிலிருந்து கேட்கிறார்.

"போச்சு மாமா."

"எழுந்துடாதே. அடுத்தது வருது."