லுங்கித் துண்டும் ஏரிக்காற்றும்

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலையின் தெற்குச் சுவரில் இன்று மத்தியானம் உன் லுங்கி படபடத்தது. முழு லுங்கி அல்ல; நீலக் கட்டம் போட்ட, இரண்டு விரல் அகலத் துண்டு. பீடபூமியில் காற்றின் திசை பார்க்க நாம் நட்ட குச்சிகளுக்கு ரிப்பன் போதாமல் நீ கிழித்துக் கொடுத்தாயே, அதில் மிஞ்சியது. உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அதைத்தான் தேடி எடுத்து வைத்துக்கொண்டேன்.

அப்போது நாம் ஆராய்ச்சி மாணவர்கள். அந்த மேட்டுநிலத்தில் வெயில் ஏறினால் பாறைவெட்டை கொதிக்கும். பக்கத்துப் புல்வெளி கால் வைக்கும்படி இருக்கும். நீ செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டுக்கும் நடுவே நடப்பாய். உன் ஊர் மணிமங்கலத்துப் பேச்சு உன்னை விட்டுப் போகவே இல்லை. "இன்னாடா, மீட்டரையே பாத்துகினு கீற? கால வச்சுப் பாரு. எங்க சுடுதோ அங்க காத்து ஓடியாரும்."

லுங்கித் துண்டுகள் பாறைப் பக்கமே பறந்தன. பாறைமேல் சூடான காற்று எழும்ப, அந்த இடத்துக்குப் புல்வெளியின் குளிர்ந்த காற்று தரையோடு வந்தது. மாலையில் பாறை ஆறியதும் துணிகள் தொங்கிவிடும்.

நம் பேராசிரியர் எல்லார் முன்னாலும் சிரித்தார். "மேட்டுல காத்து பள்ளத்தாக்குலேர்ந்து வருதுப்பா. லுங்கிய கட்டி சயின்ஸ் பண்ணாதீங்க." இந்தக் காற்றைப் பற்றி நாம் எழுதிய அத்தியாயத்தையே ஆய்வேட்டிலிருந்து எடுக்க வைத்தார். நீயும் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனாய். எனக்கு அந்தச் சிரிப்பு இன்றுவரை செரிக்கவில்லை.

இப்போது இங்கே கட்டடங்கள் என் பொறுப்பு. ஷிப்ட் முடிந்த பெண்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கான்கிரீட் தளத்தில் போன கோடையில் இருவர் மயங்கி விழுந்தார்கள். கூரை போட்டும் வெக்கை தணியவில்லை. தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏரி. சுவரை இடித்து, காற்று புகும்படி ஓட்டைகள் உள்ள துளைக்கல் வைக்கலாம் என்றேன். நிர்வாகம் ஆலோசகர் ஒருவரை வரவழைத்தது. காரிலிருந்து இறங்கியவர் நம் பேராசிரியர். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"கடல்காத்து சாயங்காலம் தானா வரும். சுவத்துல ஓட்டை போட்டா தூசிதான் வரும்" என்றார்.

சண்டை போட்டு, பஸ் நிற்கும் பகுதியில் மட்டும் துளைக்கல் வைக்க அனுமதி வாங்கினேன். காற்று வராவிட்டால் மறுபடி அடைத்துவிட வேண்டும். அந்தப் பெண்கள் அதே வெக்கையில் நிற்க வேண்டியதுதான்.

இன்று பேராசிரியர் பார்க்க வந்தார். உன் துண்டைத் துளைக்கல்லில் கட்டியிருந்தேன். தளம் காய்ந்து கொதித்தது. ஷிப்ட் விட்டது. ஏரிப் பக்கமிருந்து காற்று புகுந்து, துண்டு எங்களை நோக்கி நீண்டு நின்றது.

அசெம்பிளி லைன் செல்வி தொப்பியைக் கழற்றினாள். "இன்னா சார், சுவத்துக்குள்ள ஏசி வச்சுகினீங்களா? மொதல்லயே வக்கறதுக்கு இன்னா?"

"இந்தக் கந்தல் எதுக்கு?" என்றார் பேராசிரியர்.

"காத்து பாக்க, சார். நீங்க ஆய்வேட்டுலேர்ந்து எடுக்கச் சொன்ன அதே காத்து. அதே லுங்கி."

என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு காற்று படும் இடமாக நகர்ந்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். அது போதும் எனக்கு. சுவர் முழுவதற்கும் துளைக்கல் வைக்கச் சொல்லி அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

நீ இருந்தால் "வுடுடா, பெரியவரு" என்றிருப்பாய். விடமாட்டேன். உன் பெருந்தன்மை எனக்கு வரவில்லை. உன் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. எல்லாரும் பஸ் ஏறியதும் ஷூவைக் கழற்றித் தளத்தில் நின்றேன். உள்ளங்கால் சுட்டது. முகத்தில் ஏரிக்காற்று அடித்தது. நீ சொன்னபடியே, ஓடி வந்தது.