தரையில் விழாத பந்து

இன்று காலை கண்டிக் கடைவீதியிலிருந்து புதுப் பந்து வந்தது. சாக்கைப் பிரித்ததும் தோலும் கொழுப்பும் கலந்த வாசம் குப்பென்று மூக்கில் ஏறியது. அதன் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. உன்னிடம் பேசி எத்தனையோ வருஷமாயிற்று, இன்றைக்குப் பேசாமல் இருக்க முடியாது.

தோட்டத்துக் காப்பி ஸ்டோரில் அப்போது நான் நிறுக்கிறவன். நீ மேல்தட்டில் நின்று, கீழேயிருந்து வீசும் கூடைகளைப் பிடிப்பவன். எவ்வளவு கோணலாக வீசினாலும் கூடை உன் கைக்குத்தான் வரும். வேண்டுமென்றே தப்பாக வீசிப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். அதை ஒருநாள் நின்று பார்த்த, உதவி மானேஜரான சின்னத்துரைக்குக் கண் பளபளத்தது. அவர் அயர்லாந்துக்காரர். யாராவது இங்கிலீஷ்காரர் என்று சொல்லிவிட்டால் அன்று முழுக்க முகம் கொடுக்க மாட்டார்.

அவர் ஊரில் பழைய பந்தாட்டத்துக்கு அப்போதுதான் புதுச் சட்டம் வகுத்திருந்தார்களாம். காலால் உதைக்கலாம், கைமுட்டியால் குத்தலாம், எம்பிப் பிடிக்கலாம். தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது, எறியவும் கூடாது. “எங்க ஆளுங்க போற ஊருக்கெல்லாம் இதுவும் போகும். அமெரிக்கா போகும். இங்கயும் வந்திருச்சு பாரு” என்றார். நீ என் காதில், “அப்ப நாமளும் அந்தக் கணக்குலயாடா?” என்று கேட்டாய். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தோட்டத்துக்கு வெளியே ஒரு உலகம் இருப்பதும், அதில் நமக்கும் ஒரு இடம் இருக்கலாம் என்பதும் அதற்கு முன் எனக்குத் தோன்றியதில்லை.

அந்த மலைச்சரிவில் சமதளம் என்றால் காப்பி காயவைக்கும் களம் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமையும் சுற்றிலும் காப்பி காயும். நடுவே இருக்கும் கொஞ்சம் இடத்தில் நாம் ஆடுவோம். பந்து மேலே போகும்போதெல்லாம் சின்னத்துரை, “கீழ விடாத, கீழ விடாத” என்று தொண்டை கிழியக் கத்துவார். விழுந்துவிட்டால் ஆட்டம் நிற்கும். சிதறிய காப்பியை எல்லோரும் குனிந்து பரப்பிவிட்டு மறுபடி தொடங்குவோம். நம் கைகள் வானத்திலேயே பழகின.

அந்த வருஷம் இலைநோயில் ஆற்றோரக் காப்பி முழுவதும் செத்தது. செடிகளைப் பிடுங்கிய அந்த நிலத்தைப் பார்த்ததும் உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. “இது நமக்கு ஆடக் கெடைச்சா போதும், வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்” என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாய். தோட்டத்து மானேஜரான பெரியதுரையோ அங்கே தேயிலை வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னத்துரை அவரிடம் போய் மன்றாடினார். “கண்டிப் பட்டாளத்தில் உன் ஊர்க்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களை ஜெயித்துக் காட்டு, விட்டுத்தருகிறேன்” என்று பெரியதுரை சிரித்தாராம். அது நடக்கிற காரியமில்லை என்ற தைரியம்.

மகாவலி ஆற்றை ஓடத்தில் கடந்து கண்டிக்கு நடந்தோம். வழியெல்லாம் நீ வாய் மூடவில்லை. மைதானத்தில் அந்தச் சிப்பாய்களின் தோளைப் பார்த்ததும் மூடினாய்.

ஆட்டம் தொடங்கியது. பந்து கீழே விழுந்தது. நம் ஆட்கள் அத்தனை பேரும் சட்டென்று நின்றார்கள். ஒருவன் பழக்கத்தில் குனிந்து புல்லைக் கையால் பரப்பவும் தொடங்கிவிட்டான். சிப்பாய்கள் நம்மை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பந்தை நிதானமாக உதைத்துக்கொண்டுபோய்க் கோல் போட்டார்கள். மறுபடியும் விழுந்தது, மறுபடியும் நின்றோம், மறுபடியும் கோல்.

பாதி ஆட்டம் முடிந்து இளைப்பாற விட்டதும் சின்னத்துரை தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். “ஏன்டா நிக்கிறீங்க?”

“கீழ விழுந்திருச்சுங்களே தொரை. நீங்கதானே விடக்கூடாதுன்னு சொன்னீங்க” என்றாய் நீ.

“அது சட்டம் இல்ல, காப்பிக்காகச் சொன்னேன்.” சொல்லிவிட்டு அவர் அங்கேயே உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாதி ஆட்டம் போய்விட்டது. இனித் தரையில் ஆடப் பழக எங்கே நேரம்? நீ மட்டும் சிரித்தாய். “அவனுங்களுக்குத் தரைதான் தெரியுது. நாம எறக்கவே வேணாம் மச்சான். மேலயே வச்சுக்குவோம்.”

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இந்த வயதிலும் கால் தரையில் நிற்பதில்லை. ஒருவன் பிடித்தான், உதைத்தான், அடுத்தவன் எம்பினான், குத்தினான். ஆளுயரச் சிப்பாய்கள் அண்ணாந்து பார்த்தபடி சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒரு கோல். இன்னொன்று. சரிசமம். வேடிக்கை பார்க்க நின்ற வண்டிக்காரர்கள் மாட்டை மறந்து கத்தினார்கள். கடைசியில் இரண்டு பேர் தோளுக்கு மேல் எழும்பி நீ பந்தைப் பிடித்தாய். எதிரே கோல். நீயே அடித்திருக்கலாம். ஆனால் மூன்று பேர் உன்மேல் விழ வருவதையும், நான் ஓரத்தில் தனியாக நிற்பதையும் பார்த்தாய். பந்தை என் பக்கம் குத்திவிட்டாய்.

நான் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தேன். கண் திறந்தபோது நீ என்மேல் கிடந்தாய். “முழிச்சுக்கிட்டு அடிச்சிருந்தா வெளிய போயிருக்கும்டா” என்றாய். சாகும் வரை அதைச் சொல்லிச் சொல்லியே என்னைச் சிரிக்கவைத்தாய்.

பெரியதுரை சொன்ன சொல் தவறவில்லை. சின்னத்துரை பிறகு ஆஸ்திரேலியா போனார். அங்கேயும் அந்த ஆட்டம் நடக்கிறதாம், போய்வந்த துரைமார் சொன்னார்கள். இங்கே பக்கத்துத் தோட்டங்களும் பிடித்துக்கொண்டன, திகன ஊரிலிருந்துகூட ஆள் வருகிறது. இப்போது நான்தான் பந்தை நடுவில் போட்டுவிட்டு, “கீழ விடாத” என்று தொண்டை கட்டக் கத்துகிறேன்.

காப்பி போயிற்று. மலை முழுவதும் தேயிலை. காய்ச்சலில் நீ போனபோது உன்னை மேட்டில் புதைத்தோம். அங்கேயும் இப்போது தேயிலை நட்டுவிட்டார்கள், எந்தச் செடிக்குக் கீழே நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. ஆற்றோர மைதானத்தை மட்டும் யாரும் தொடவில்லை. இந்தத் தோட்டத்தில் நம் ஆள் கேட்டு வாங்கிய மண் அது ஒன்றுதான். உன்னைப் பார்க்க வேண்டுமென்றால் நான் அங்கேதான் போகிறேன். சாயந்தரம் ஆட்டம் இருக்கிறது.